நாற்பத்து நான்கு பேரும் வந்தாயிற்று

லுப்லின், போலந்து
அக்டோபர் 14, திங்கள்

மூன்று மாதம் முந்திப் பிறந்த ஒரே காரணத்தால் அக்கா பட்டம் பெற்ற தேக்லே அவர்களின் சமூகத்துக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், சுற்றுலா நிறுவனத்தார் இலவசமாக வழங்கிய என் நீலக் குடை, கடந்த சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, மலையடிவாரத்தில், பலத்த காற்றின் முன்னிலையில் அகால மரணமடைந்தது. வயது நாற்பது நிமிடம். எட்டுக் கம்பிகளையும் ஒரு பிடியையும் விட்டுச் சென்றிருக்கிறது. மலர்வளையம் அனுப்ப வேண்டாம். அங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம்.

கைபேசியில் என் எண்ணை முடக்கிவிட்டாய். ஏழு வாரம் ஆகிறது. மின்னஞ்சலை மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் இந்தச் சந்து வழியாக நுழைகிறேன். கோபம் தீர்ந்ததா என்று கேட்க மாட்டேன். சுற்றுலாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன்.

எங்கள் மொழிப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக வார இறுதிச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். மொத்தம் நாற்பத்து நான்கு பேர், ஒரு பஸ். மலை, உப்புச் சுரங்கம், இரண்டு கோட்டை, ஓர் அருவி என்று தாளில் படம் போட்டிருந்தது. சுற்றுலா என்றார்கள். சுற்றினோம், உலா போகவில்லை. மலையைக் காட்டுகிறோம் என்றார்கள். மழையைக் காட்டினார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் யாரும் புகார் கொடுக்கவில்லை. பனிமூட்டத்தால் ரோப் கார் ஓடவில்லை. மேலே என்ன தெரியும் என்று எழுதிவைத்த பலகையைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

வழிகாட்டியின் பெயர் பொகுமிவா அம்மையார். கழியில் கட்டிய ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார். இரண்டு நாளும் அவர் வழியைக் காட்டியதைவிடக் கைக்கடிகாரத்தைக் காட்டியதுதான் அதிகம். "பதினஞ்சு நிமிஷம் கண்ணுங்களா, பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்" என்பார். பஸ் ஏறு, இறங்கு, ஈரக் காலுறையைப் பிழி, ஏறு. உப்புச் சுரங்கத்தில் எங்கள் நேரம் தவறிவிட்டதாம், அதனால் சுரங்கத்தின் கடையை மட்டும் பார்த்தோம். கடைச் சுவரை நக்கிப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு. கோட்டை ஒன்றில் சாரம் கட்டியிருந்தார்கள். இன்னொன்றைப் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டி, "இடது பக்கம் பாருங்க" என்றார். நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உன் தம்பி சும்மா இருப்பானா? இறந்த குடையின் கழியில் என் ஆரஞ்சு பனியனைக் கட்டிக் கொடியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொரியாவிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் ஒன்று, இருபது பேர், என் பின்னாலேயே வந்தார்கள். நேராக ஆண்கள் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் "பதினஞ்சு நிமிஷம்" என்றேன். பஸ்ஸின் கடைசி வரிசை முழுக்க என் ராஜ்ஜியம். கஜகஸ்தான்காரன் அர்மான் என்னை விட்டு ஒரு நொடி அகலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது தனிக் கதை. நீ பதில் போட்டால்தான் சொல்வேன்.

இப்படிக்கு, குடையிழந்த லாஷா


குத்தாயிசி, ஜார்ஜியா
அக்டோபர் 15, செவ்வாய்

டேய் லாஷா,

மின்னஞ்சலை நான் மறக்கவில்லை. திறந்தே வைத்திருந்தேன். ஏழு வாரமாக மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் வரும் என்று பார்த்தேன். குடைக்கு இரங்கல் வந்திருக்கிறது.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அந்த மொழிப் பள்ளியில் நம் பள்ளிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். இரண்டு வருடம் போலிஷ் படித்தவள் நான். 'நான் விண்ணப்பம் போட மாட்டேன்' என்று படிக்கட்டில் நின்று சத்தியம் செய்தவன் நீ. நேர்காணலுக்குத் தயார் செய்ததை ஒவ்வொரு மாலையும் உன் முன்னால்தான் ஒப்பித்தேன். நீ சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கேட்டாய். பிறகு 'சும்மா விளையாட்டுக்குத்தான் போட்டேன்' என்று சொல்லிக்கொண்டு இடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இங்கே சித்தி மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம், "என் பையன் அங்க ராஜா மாதிரி இருக்கான்டி" என்கிறார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே தலையாட்டுகிறேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒன்றுதான். நேற்று தலைமையாசிரியை கூப்பிட்டார். ஆர்மீனியப் பெண் ஒருத்தி பாதியில் திரும்பிவிட்டாளாம். பிப்ரவரியிலிருந்து அந்த இடம் காலி, உன் பள்ளியிலேயே. எனக்குத் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். பல்கலைக்கழகத்துக்கு அங்கே போவதென்றால் எனக்கு இது ஒன்றுதான் வாசல். அது உனக்கே தெரியும்.

வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் ஒரே கேள்வி. வேடிக்கை காட்டாமல் பதில் சொல். அங்கே நிஜமாக எப்படி இருக்கிறது? நான் வந்தால் எனக்கு இடம் இருக்குமா? கட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை.

தேக்லே


லுப்லின்
அக்டோபர் 15, செவ்வாய் மாலை

அக்கா (கவனி, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டேன்),

இடமா? இந்த ஊரே உன் தம்பியின் சட்டைப்பையில் இருக்கிறது. நீ வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்காது. லாஷாவின் அக்கா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவெல்லாம் திறக்கும். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்துவைப்பேன். நம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கதையைக் கேள்.

மதியம் பஸ்ஸை ஒரு சாலையோரச் சத்திரத்தில் நிறுத்தினார்கள். சூப் குடிக்க நாற்பது நிமிடம். கை கழுவப் போன நான் கதவு மாறிப் பக்கத்துக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன். அங்கே ஒரு பிறந்தநாள் விருந்து. பெரியவர் பெயர் ஸெனோன், எண்பது வயது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஜார்ஜியாவா? அப்போ நல்லா பேசுவியே. ரெண்டு வார்த்தை சொல்லுப்பா" என்றார்.

இங்கே இரண்டு வார்த்தை என்றால் நிஜமாகவே இரண்டு வார்த்தைதான், தேக்லே. வாழ்த்திவிட்டு உட்கார்ந்து கேக் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் இரண்டு வார்த்தை என்றால் விளக்கு ஏற்றும் வரை போகும். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தலைமை தாங்கி வாழ்த்துகளை வரிசையாகச் சொல்ல ஒரு தமதா இல்லை. யாருக்குத் தோன்றுகிறதோ அவர் கோப்பையைத் தூக்குகிறார். ஆடுகள் வாய்க்காலில் இறங்குவதுபோல் அவரவர் இஷ்டம். பார்த்துக்கொண்டு என்னால் எப்படி நிற்க முடியும்? மேசையை நான் எடுத்துக்கொண்டேன். அமைதிக்கு, விருந்தளிப்பவருக்கு, பெற்றோருக்கு, மண்ணுக்கு, மறைந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று முறை தவறாமல் பதினொரு வாழ்த்து. என் கோப்பையில் ஆப்பிள் பானம்தான் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிடு.

நடுவில் பொகுமிவா அம்மையார் கொடியோடு வந்து நின்றார். "நீங்க போங்கம்மா. மேசையை முடிக்காம எழுந்தா எங்க ஊர்ல மதிக்க மாட்டாங்க" என்று அனுப்பிவைத்தேன். பஸ்ஸுக்கு ஜன்னலிலிருந்து கையசைத்தேன். அர்மான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அழுதானாம். வழி நெடுக, லாஷா எங்கே, லாஷா எங்கே என்று புலம்பினானாம். இங்கே கூடமே எழுந்து நின்று கை தட்டியது. காரில் வைத்து விடுதி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். திங்கட்கிழமை காலை கதை கேட்க வகுப்பில் வரிசை.

இப்போது சொல், உனக்கு இடம் இருக்குமா இருக்காதா?

ராஜா லாஷா


குத்தாயிசி
அக்டோபர் 17, வியாழன்

லாஷா,

இரண்டு நாள் யோசித்தேன். நான் வரவில்லை. நாளைக் காலை தலைமையாசிரியையிடம் சொல்லப்போகிறேன்.

கோபத்தில் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் இந்தத் தெருவில் லாஷாவின் அக்கா. கணக்கு ஆசிரியருக்கு லாஷாவின் அக்கா, ரொட்டிக் கடைக்காரருக்கு லாஷாவின் அக்கா. நீ ஒன்று சொல்வாய், எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் ஏதாவது சொல்லேன் என்பது போலப் பார்ப்பார்கள். நான் போலிஷ் படிக்க ஆரம்பித்ததே உனக்கு அது தெரியாது என்பதால்தான். அதையாவது தெரிந்துகொள். அந்த ஒரு மொழியில் நான் யாருக்கும் அக்காவாக இல்லாமல் பேசலாம் என்று நினைத்தேன். அங்கேயும் நீதான் கதவு திறந்துவிட வேண்டும், நான் வாய் திறக்க வேண்டாம் என்றால், பாத்திரத்தை இங்கேயே கழுவுகிறேன். அந்த ஊரும் உன்னுடையதாகவே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. சுற்றுலா நிறுவனத்தின் பக்கத்தில் படங்கள் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு மாலை, அருவி முன்னால் மொத்தக் குழுவும் நிற்கும் படம். கீழே எழுதியிருக்கிறது: 'நாற்பத்து நான்கு பேரும் வந்தாயிற்று, ஒருவர்கூட விடுபடவில்லை.' எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. இரண்டாவது முறையும் எண்ணினேன். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உனக்காக அழுத அர்மான் இதில் யார்?

மேசையை முடிக்காமல் எழுந்தால் மதிக்க மாட்டார்கள் என்று போலிஷில் சொன்னாயாம். அதைச் சொல்ல எனக்கே இரண்டாம் வருடம்தான் வந்தது.

தேக்லே


லுப்லின்
அக்டோபர் 17, வியாழன், மதியம்

அவசரப்படாதே. எழுதுகிறவர்கள் நாற்பத்து நான்கு என்று பழக்கத்தில் எழுதிவிட்டார்கள். அர்மான் இடது ஓரத்தில் சிவப்புத் தொப்பியோடு நிற்பவன். அவனுக்கு அழுதாலும் சிரித்தாலும் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். நாளை எதுவும் சொல்லிவிடாதே.

லா.


குத்தாயிசி
அக்டோபர் 17, வியாழன், மாலை

வேடிக்கை காட்டாமல் ஒரு பதில் கேட்டேன். அது உன்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. நாளை பன்னிரண்டு மணிக்குப் பிறகு இந்த முகவரியையும் மூடிவிடுகிறேன்.

தே.


லுப்லின்
அக்டோபர் 18, வெள்ளி, காலை 7.10 (உனக்கு 9.10)

தேக்லே,

பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், உட்கார்ந்தால் மறுபடி கதை கட்டிவிடுவேன்.

முதலில் சின்னப் பொய்கள். கொடி கட்டியது நிஜம். ஆனால் பின்னால் வந்தது இருபது கொரியாக்காரர்கள் இல்லை, ஒரு நாய். அதுவும் பாதியில் திரும்பிவிட்டது. அர்மான் இரண்டு நாளில் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம்: "இங்க யாராவது உட்கார்ந்திருக்காங்களா?" இல்லை என்றேன். என் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு முன்னால் போய்விட்டான். கடைசி வரிசை என் ராஜ்ஜியம்தான். குடிமக்கள்தான் யாரும் இல்லை.

இங்கே கஜகஸ்தான், பெலாரஸ், உக்ரைன் பிள்ளைகள் தங்களுக்குள் ரஷ்யன் பேசிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் அது அப்பாக்களோடு நின்றுவிட்டது. போலிஷில் எனக்கு முந்நூறு வார்த்தை தெரியும். கதவு, கரண்டி, செவ்வாய்க்கிழமை. அவற்றை வைத்து யாரைச் சிரிக்கவைப்பது? முதல் வாரம் முயற்சி செய்தேன். ஒரு பெண் பாவப்பட்டு அகராதியை எடுத்துக் கொடுத்தாள். இங்கே நான் வேடிக்கையானவன் இல்லை, தேக்லே. கேட்பவற்றுக்கெல்லாம் தலையாட்டிச் சிரிக்கிறவன், அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம் விடுதியில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறேன். கீழே இருப்பவன் கூரையைத் தட்டுகிறான். அதுதான் என்னோடு நடக்கும் உரையாடல்.

சத்திரத்தில் நடந்தது இது. ஸெனோன் இரண்டு வார்த்தை கேட்டது நிஜம். நான் எழுந்து பேசியதும் நிஜம். ஆனால் பேசியது நீ எழுதியது. நான் அழகிய பழைய நகரத்திலிருந்து வருகிறேன், என் குடும்பம் எனக்கு எல்லாம் கற்றுத் தந்தது, பிற நாட்டு மக்களோடு நட்பாக இருக்க விரும்புகிறேன். உன் நேர்காணல் பதில். விதை கொறித்துக்கொண்டு கேட்டே மனப்பாடமாகிவிட்டது, பாதிக்கு அர்த்தம் தெரியாமல். ஆகஸ்டில் நேர்காணல் செய்த அந்த மூன்று பேர் முன்னால் சொன்னதும் அதையேதான். 'உச்சரிப்பு அருமை' என்றார்கள். உன் உச்சரிப்பு. நான் சாமர்த்தியத்தால் இடம் வாங்கினேன் என்று அம்மா சொல்கிறார். அம்மா அப்படி நம்பும்படி சொன்னவன் நான்.

அதைத் துண்டு துண்டாக்கி அமைதிக்கு ஒன்று, விருந்தளிப்பவருக்கு ஒன்று என்று இரண்டு வாழ்த்து சொன்னேன். தலையாட்டினார்கள். உன் பேச்சு அதோடு தீர்ந்தது. உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் தொடங்கிய மேசையில் மறைந்தவர்களை விட்டுவிட்டு உட்கார எனக்குக் கால் மடங்கவில்லை. நம் வீட்டில் யார் உட்காருவார்கள்? அதனால் கோப்பையைத் தூக்கி, என் சொந்தப் போலிஷில், "செத்தவங்க. உங்க வீடு. பேரு?" என்று ஸெனோனைக் கேட்டேன்.

அவர் மகள் முகம் வெளுத்தது. ஸெனோன் மெதுவாக, "ஹலினா" என்றார். மனைவி. ஜூன் மாதம் போயிருக்கிறார். பிறந்தநாளில் யாரும் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்று பேசிவைத்திருந்தார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பஸ் கதவு மூடியது. ஓடியிருக்கலாம். ஹலினா என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அதைப் பாதியில் கீழே வைத்துவிட்டு எப்படி ஓடுவது? எப்படியும் எண்ணுவார்கள், திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். முழுவதும் குடித்துவிட்டுத்தான் வைத்தேன்.

யாரும் கை தட்டவில்லை. மகள் பாட்டுப் பெட்டியைப் போட்டுவிட்டு, என் தோளைத் தொட்டுக் கதவைக் காட்டினாள். ஊர்ப் பேருந்து நிற்கும் இடத்தில் மழையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரம், எங்கள் பஸ் எந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு ஸெனோன் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நாலு மாசமா எங்க வீட்டுல யாரும் அவ பேரைச் சொல்லல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஊர்ப் பேருந்து வரும்வரை இருந்தார். கார் எதுவும் வரவில்லை.

எண்ணத்தான் செய்திருக்கிறார்கள். திங்கட்கிழமை பொகுமிவா அம்மையாரே வந்து என் பையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பஸ்ஸில், "பக்கத்துல இருக்கறவங்க வந்துட்டாங்களான்னு பாருங்க" என்று கேட்டாராம். எல்லோரும் பார்த்தார்களாம். எல்லோரும், வந்துவிட்டார்கள் என்றார்களாம். என் பக்கத்தில் அர்மானின் பைதான் இருந்தது. லுப்லினில் இறங்கும்போது ஒரு பை மிச்சம் இருந்ததால்தான் ஓர் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. வகுப்பில் கதை கேட்க வரிசை எதுவும் இல்லை. உன்னைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். இடம் இருக்கிறது. நிறைய இருக்கிறது, நான் எதையும் பிடித்துவைக்கவில்லை. நீ இங்கே லாஷாவின் அக்காவாக வரவே முடியாது. லாஷா யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நீ பேசுவாய், பதில் சொல்வார்கள். உன் இடத்தை எடுத்ததற்கு மன்னித்துவிடு. ஏழு வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆனால் அப்போது ராஜாவாக இருந்தேன். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்காக வராமல் இருந்துவிடாதே. எனக்காகவும் வராதே. ஆனால் வா.

இன்னொன்று. நேற்று உன் கடிதம் வருவதற்கு முன்னால் வகுப்பில் ஒரு காரியம் செய்துவிட்டேன். வாரச் செய்தி ஏதாவது உண்டா என்று ஆசிரியை கேட்டார். யாரும் என்னைக் குறிப்பாகக் கேட்காமலே எழுந்து, 'பிப்ரவரியில் என் அக்கா வருகிறாள், அவள் நன்றாகப் பேசுவாள்' என்றேன். யாரிடமும் திருடாமல் நான் சொந்தமாகச் சொன்ன முதல் முழு வாக்கியம். பிழையே இல்லை.

இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆசிரியை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்த வாக்கியத்தைப் போலிஷில் எழுதித் தனியாக இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்.

லாஷா